மணிவிழாப் பாட்டுப் பட்டியல்

ஓசூர் தம்பி: ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு மண்டபத்தில் பாட வேண்டிய பாட்டுகளை ஆர்கெஸ்ட்ராக்காரர் கேட்கிறார். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் பழைய பாட்டு என்றால் உயிர். முதலில் ‘வாராய் நீ வாராய்’ போட்டிருக்கிறேன். நல்ல ஜோடிப் பாட்டு. மற்றதைச் சொல்லுங்கள்.

அரூர் அத்தை: ஐயோ கண்ணு, அதை எடுத்துவிடு. அறுபதாம் கல்யாணத்தில் பாடுகிற பாட்டா அது!

ஓசூர் தம்பி: ஏன் அத்தை? பெண்டாட்டியை ஆசையாகக் கூப்பிடுகிற பாட்டுதானே?

பெரியப்பா: ஆசையாகத்தான் கூப்பிடுகிறான். மலை உச்சியிலிருந்து தள்ளிக் கொல்வதற்கு.

கிருஷ்ணகிரி பாப்பா: என்ன பெரியப்பா சொல்கிறீர்கள்!

பெரியப்பா: 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’ படம். எம்.ஜி.ஆர். நடித்ததுதான், ஆனால் இந்தப் பாட்டில் அவர் இல்லை. ராஜகுருவின் மகனாக எஸ்.ஏ.நடராஜன், ஊருக்குத் தெரியாமல் கொள்ளையடிக்கிறவன். மனைவியாக மாதுரி தேவி, அவள்தான் மந்திரி குமாரி. திருச்சி லோகநாதன் குரலைக் கவனித்துக் கேள். போகும் இடம் வெகு தூரமில்லை என்கிறார். மலை முடியில் முடிவில்லாத மோன நிலையைக் காண்பாய் என்கிறார். அவன் சொல்வது சாவை. ஜிக்கி குரலில் அவளோ காற்று வீசுகிறது, மனசில் ஆனந்தம் பொங்குகிறது என்று பாடிக்கொண்டே ஏறுகிறாள். ஒரே மெட்டு, அவனுக்கு ஒரு அர்த்தம், அவளுக்கு வேறு அர்த்தம். ஜி.ராமநாதன் அந்த மெட்டில் ஓர் இடத்தில்கூட பயமுறுத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

ஓசூர் தம்பி: அப்புறம்? தள்ளிவிட்டானா?

அரூர் அத்தை: அவள் விடுவாளா! சாகும் முன்னால் புருஷனை மூன்று முறை சுற்றிக் கும்பிட்டுக்கொள்கிறேன் என்பாள். சுற்றும்போது பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுவாள்.

பெரியப்பா: அது குண்டலகேசி கதை. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று, பௌத்த நூல். இன்று கிடைப்பது 19 பாட்டுதான், மிச்சமெல்லாம் போய்விட்டது. அந்தக் கதையை எடுத்துக் கலைஞர் முதலில் நாடகமாக எழுதினார், பிறகு திரைக்கதை வசனம். பாட்டுகள் அ.மருதகாசியும் கா.மு.ஷெரீப்பும். நூல் தொலைந்தாலும், டீக்கடை ரேடியோ வழியாக அந்த மலை உச்சிக் காட்சி நம் எல்லோர் காதிலும் ஏறிவிட்டது பார்.

கிருஷ்ணகிரி பாப்பா: இது எங்கே எடுத்த படம்?

பெரியப்பா: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படம். ஏற்காடு போகிற வழியில் அந்த ஸ்டூடியோவின் வாசல் வளைவைப் பார்த்திருப்பாயே, அதுதான். அப்போது நம் தருமபுரியும் சேலம் மாவட்டம், 1965இல்தான் பிரிந்தது. நம் மாவட்டத்துப் பாட்டு என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஓசூர் தம்பி: சரி, எடுத்துவிட்டேன். வேறு?

அரூர் அத்தை: ‘ஆயிரம் நிலவே வா’. 1969, ‘அடிமைப்பெண்’. சுசீலாம்மாவும் எஸ்.பி.பி.யும். அந்தப் பையனுக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டான். வேறு ஆளை வைத்துப் பாடவைக்காமல் எம்.ஜி.ஆர். காத்திருந்தார். எனக்குப் பாடப்போவதாக நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருப்பாய், ஏமாந்துபோகக் கூடாது என்று நினைத்தாராம். எஸ்.பி.பி. மேடைக்கு மேடை நன்றியோடு சொல்வார். ஒருவரை அப்படி நினைத்துப் பார்க்கிற மனசு இருந்ததே, அதற்காகவே இந்தப் பாட்டு வேண்டும் எனக்கு.

பெரியப்பா: கே.வி.மகாதேவன் இசை, புலமைப்பித்தன் எழுதியது. கட்டாயம் போடு.

கிருஷ்ணகிரி பாப்பா: எனக்காக ‘சின்னச் சின்ன ஆசை’. நம் ஒகேனக்கல்லில் எடுத்த பாட்டு. ரஹ்மானுக்கு முதல் படம், அதிலேயே தேசிய விருது. வைரமுத்துவுக்கும் இந்தப் பாட்டுக்குக் கிடைத்தது.

ஓசூர் தம்பி: சேர்த்துவிட்டேன். 1992 எல்லாம் பழைய பாட்டா என்று சித்தப்பா கேட்டால் நீயே பதில் சொல்லு பாப்பா.

அரூர் அத்தை: கண்ணு, ஆயா பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். மண்டபத்தில் வேண்டாம், ஆனால் ‘மந்திரி குமாரி’ படத்தை ராத்திரி டிவியில் போட்டுக் கொடுக்கச் சொல்கிறார். யூடியூபில் தேடி லிங்க் அனுப்பு.

ஓசூர் தம்பி: இதோ அத்தை, பார்க்கிறேன்.