கல்லாகிப்போன பெரியவர்களும் பேசாத சிறுமியும்: 'சாங் ஆஃப் த சீ' பார்த்தவர்களின் அனுபவங்கள்

பருத்தித்துறையிலிருந்து, வாசிகசாலைப் பொறுப்பாளர்:

எங்கள் வாசிகசாலையில் பாடசாலை விடுமுறைக் காலங்களில் பிள்ளைகளுக்குப் படம் காட்டுவோம். சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் ஓட்டுவது வழக்கம். பிள்ளைகள் கேட்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த அமெரிக்கப் படங்கள்தான். கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் நான் பிடிவாதமாக அயர்லாந்துக் கார்ட்டூன் படம் ஒன்றைப் போட்டேன். 2014 இல் வெளிவந்த 'சாங் ஆஃப் த சீ'. டொம் மூர் இயக்கியது. கில்கெனி என்ற சிறிய நகரத்தில் இருக்கும் 'கார்ட்டூன் சலூன்' என்ற நிறுவனம் தயாரித்தது. 2015 இல் ஒஸ்கார் விருதின் இறுதிப் பட்டியல் வரைக்கும் வந்தது. விருதை 'பிக் ஹீரோ 6' கொண்டுபோனது. அந்தப் படத்தைப் பார்க்காத பிள்ளை எங்கள் ஊரில் குறைவு. இந்தப் படத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவர்கூட இருக்கவில்லை. அதே 2015 இல் இதற்கு ஐரோப்பியத் திரைப்பட விருது கிடைத்த செய்தியும் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு சின்னத் தீவு. அதில் ஒரு வெளிச்சவீடு. காவலர் கொனர், மகன் பென், மகள் சீர்ஷா. சீர்ஷா பிறந்த இரவில் தாய் கடலுக்குள் போய்விட்டாள். சீர்ஷாவுக்கு ஆறு வயதாகியும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அம்மா போனதற்குத் தங்கைதான் காரணம் என்று பென் உள்ளூர நினைக்கிறான். தகப்பன் நாள் முழுதும் கடலைப் பார்த்தபடி இருக்கிறார். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் சீல் என்ற கடல்நாய் இனத்துப் பெண்களைப் பற்றிப் பழங்கதைகள் உண்டு. கடலில் இருக்கும்போது அவர்கள் சீல்கள். தோலைக் கழற்றிவிட்டுக் கரையேறினால் பெண்கள். இந்தப் பிள்ளைகளின் தாய் அப்படிப்பட்டவள். ஒரு வெள்ளைச் சீல் தோல் மேலாடை ஒருநாள் சீர்ஷாவின் கையில் கிடைக்கிறது. அதற்குமேல் நான் சொல்லவில்லை.

படம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் பக்கத்தில் நின்று இடையிடையே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். சிறிது நேரத்தில் சொல்வதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகளுக்குத் தேவைப்படவில்லை. சீர்ஷா சீல்களுடன் நீந்தும் காட்சியில் பேச்சே கிடையாது. முன்வரிசையிலிருந்த சின்னஞ்சிறுசுகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எதிர்பாராதது பின்வரிசையில் நடந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வந்த அம்மம்மாக்களும் அம்மாக்களும் கதவடியில் நின்று பார்க்கத் தொடங்கி, பிறகு வாங்குகளை இழுத்துப்போட்டு அமர்ந்துவிட்டார்கள். கதையில் மாக்கா என்றொரு ஆந்தைக் கிழவி வருகிறாள். அவளுடைய மகன் மக் லிர் ஒரு பேருருவம் கொண்டவன். தாங்க முடியாத துயரம் வந்து அழுகிறான், அழுகிறான், கடலே பெருகிவிடும் போலிருக்கிறது. மகன் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் அவனுடைய உணர்வுகளை எடுத்துப் போத்தலில் அடைத்துவிடுகிறாள். அவன் கல்லாகிக் கடலின் நடுவே தீவாகக் கிடக்கிறான். அதன்பிறகு அவள் காண்கிறவர்களின் வலியையெல்லாம் எடுத்துப் போத்தலில் அடைத்துக்கொண்டே போகிறாள். அப்படி எடுப்பது நல்லது என்றே நம்புகிறாள். அந்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: "அவளும் தாய்தானே." வேறொருவர் அதற்கு, "வேறென்ன செய்வாள்?" என்றார். பிள்ளைகளுக்கு அவள் சூனியக்காரி. பெரியவர்கள் அவளைக் குற்றம் சொல்லத் தயாராக இருக்கவில்லை.

படம் முடிந்ததும் ஒரு சிறுவன் எழுந்து நின்று கேட்டான்: "அம்மா போனபிறகு ஏன் ஒருவரும் தேடிப் போகவில்லை?" காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு 2017 முதல் வடக்கின் வீதியோரங்களில் தாய்மார் அமர்ந்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எங்களில் எவருக்கும் வாய் வரவில்லை. பிறகு ஓர் அம்மம்மாதான் அவனை அருகே கூப்பிட்டு, "தகப்பன் தேடிக்கொண்டுதானே இருந்தார் ராசா, அதுதான் எந்நேரமும் கடலைப் பார்த்தவர்" என்றார். நான் பல ஆண்டுகளாகப் படம் காட்டுகிறேன். ஒரு பாத்திரத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தப் படத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள். பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

காரைநகரிலிருந்து, சித்திரம் படிக்கும் மாணவன்:

நான் இதைக் கைப்பேசியின் சின்னத் திரையில் முதலில் பார்த்தேன். அது இந்தப் படத்துக்குச் செய்கிற அநியாயம். முடிந்தால் பெரிய திரையில் பாருங்கள்.

கணினியில் முப்பரிமாணமாகச் செய்யும் படங்கள் உலகத்தை நிரப்பிய காலத்தில் இவர்கள் கையால் வரைந்திருக்கிறார்கள். பின்னணிகள் நீர்வர்ணத்தில் ஊறியவை. தாளில் வர்ணம் பரவி நின்ற கறைகூடத் தெரியும். கலை இயக்குநர் அட்ரியன் மெரிஜோ. எந்தக் காட்சியை நிறுத்திப் பார்த்தாலும் வட்டங்களும் சுருள்களும் தென்படும். அயர்லாந்தின் பழைய கற்களில் செதுக்கப்பட்டிருக்கும் சுருள்கள் அவை. கடலும் காற்றும் சீல்களும் அந்த வளைவுகளிலேயே அசைகின்றன. பிள்ளைகளை அப்பம்மா டப்ளின் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் கோடுகள் நிமிர்ந்து விறைக்கின்றன. வர்ணம் மங்குகிறது. நகரம் மூச்சு முட்டுகிறது என்று வசனத்தில் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். அப்பாவுக்கும் கல்லாகிப்போன மக் லிருக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, பிரெண்டன் கிளீசன். அப்பம்மாவுக்கும் ஆந்தைக் கிழவிக்கும் குரல் ஒன்றுதான், பியொனுலா ஃபிளனகன். முகங்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். பழங்கதையில் நடப்பது எதுவோ அதுவே வீட்டுக்குள்ளும் நடக்கிறது. பேரப்பிள்ளைகளின் நன்மைக்கென்று அவர்களைக் கடலிலிருந்து பிரிக்கும் அப்பம்மாவும், மகனின் நன்மைக்கென்று அவனைக் கல்லாக்கும் தாயும் ஒரே ஆள். என்னுடைய ஆசிரியர் ஒருவர் இதைச் சொன்னபிறகுதான் நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் தடவை படம் வேறாக இருந்தது.

எங்கள் ஊர்க் கோவளத்திலும் ஒரு வெளிச்சவீடு இருக்கிறது. அதன் அடியில் உட்கார்ந்து இப்போது நீர்வர்ணம் பழகுகிறேன். கடலை நீலத்தால் நிரப்பாமல் வரைவது எப்படி என்று இந்தப் படம் எனக்குக் காட்டியது.

நெல்லியடியிலிருந்து, இரு பிள்ளைகளின் தகப்பன்:

ஒரு சிறிய எச்சரிக்கை. என் இளையவளுக்கு ஆந்தைகள் வரும் இடங்கள் மிகுந்த பயத்தைக் கொடுத்தன. வீட்டில் அப்பம்மா ஆந்தை அலறினால் சகுனம் சரியில்லை என்று சொல்லி வளர்த்திருப்பதும் ஒரு காரணம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றால் மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள். மூத்தவனுக்குப் பிடித்தது கூ என்ற நாய்தான். அவ்வளவு பெரிய நாயைப் படகில் ஏற்றாமல் விட்டதற்கு அவன் இன்னும் கோபமாக இருக்கிறான்.

கோண்டாவிலிலிருந்து, ஒரு தங்கை:

மேலே எழுதியவர்கள் பென்னைப் பற்றியும் பெரியவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நான் சீர்ஷாவின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

1995 ஒக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அம்மாவின் வயிற்றில் நான் இருந்தேன். நாவற்குழிப் பக்கமாக மழைக்குள் நடந்த அந்தக் கூட்டத்தில் அண்ணா அப்பாவின் தோளில் இருந்தான். சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு வீட்டு வளவில் தஞ்சம் அடைந்தோம். அங்கேதான் நான் பிறந்தேன். அம்மா சில நாட்களில் காய்ச்சலில் போய்விட்டார். இவையெல்லாம் பிற்காலத்தில் சித்தி சொல்லித் தெரிந்தவை. அப்பா ஒருபோதும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் என் பிறந்தநாளும் அம்மாவின் திவசமும் அடுத்தடுத்து வரும். சில ஆண்டுகளில் ஒரே நாளில் விழும். வாழையிலையில் படையல் போட்டபிறகு சித்தி எனக்கு இரகசியமாக ஒரு சொக்லேற் தருவார். கேக் வெட்டிய நினைவு எனக்கு இல்லை. அண்ணா அன்றைக்கு என்னோடு கதைக்கமாட்டான். அடிக்கவோ ஏசவோ இல்லை. நான் அறைக்குள் வந்தால் எழுந்து வெளியே போவான், அவ்வளவுதான்.

படத்தில் சீர்ஷாவின் ஆறாவது பிறந்தநாள் வருகிறது. அப்பம்மா வந்திருக்கிறார், கேக் இருக்கிறது, சிறுமி புதுச் சட்டை போட்டிருக்கிறாள். எவருடைய முகத்திலும் பிறந்தநாள் இல்லை. தாய் போன நாளும் அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். முற்றத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கோ ஒரு நாட்டில், எங்களைக் கனவிலும் காணாத ஒருவர் இந்தச் சாப்பாட்டு மேசையை வரைந்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

சீர்ஷா ஏன் பேசவில்லை என்பதற்குப் படம் ஒரு மாயக் காரணம் வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த மாயம் இல்லாமலே அது உண்மை. உன்னால்தான் எல்லாம் நடந்தது என்று வீடே நினைத்துக்கொண்டிருந்தால், யாரும் வாயால் சொல்லாவிட்டாலும், பிள்ளைக்கு அது கேட்கும். நான் பாலர் பாடசாலையில் கதைக்காத பிள்ளை என்று பெயர் எடுத்தவள். தலையாட்டியே ஒரு வருடம் ஓட்டினேன் என்று ஆசிரியை சித்தியிடம் சொன்னாராம்.

பென் ஒரு கிணற்றுக்குள் போய், தாடியும் முடியும் நிலமெங்கும் படர்ந்த ஒரு கிழவரைச் சந்திக்கும் இடம் இருக்கிறது. அவருடைய ஒவ்வொரு மயிரிழையிலும் ஒரு கதை. அதில் ஓரிழை அவனை அம்மா போன இரவுக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே அவன் என்ன நடந்தது என்று தானே பார்க்கிறான். தங்கை மீதான கோபம் அந்த இடத்தில் கழன்று விழுகிறது. "தங்கையோடு அன்பாக இரு" என்று அறிவுரை சொல்லி அவனை ஒருவரும் திருத்தவில்லை. உண்மையைக் காட்டினார்கள், அது போதுமாக இருந்தது. பிள்ளைகளுக்கு ஏன் எங்கள் வீடுகளில் அந்த இரவுகளைக் காட்டாமல் விடுகிறோம்? வலிக்கும் என்றுதான். மாக்காவும் அதைத்தான் சொன்னாள்.

அண்ணா இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். தைப்பொங்கலுக்கு வந்தபோது இந்தப் படத்தை அவனோடு பார்த்தேன். முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. பிறந்தநாள் காட்சி வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நீச்சல் தெரியாத, கடலைக் கண்டால் நடுங்கி உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமலே திரிகிற பென், தங்கைக்காகக் கடலுக்குள் குதிக்கிறான் அல்லவா, அப்போது அண்ணா எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தான். இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் கேட்டான்: "அப்பா, அம்மா கடைசியாக என்ன கதைத்தவர்?" அப்பா நீண்ட நேரம் கையில் சோற்றோடு இருந்தார். பிறகு சொன்னார். அம்மா எனக்கு வைக்க நினைத்திருந்த பெயர் என்ன என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அது இப்போது என்னிடம் இருக்கும் பெயரல்ல. இங்கே அதை எழுதவில்லை. அது எங்கள் வீட்டுக்குரியது.

இது தேவதைக் கதை, சிறுபிள்ளைகளுக்கானது என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எங்கள் அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது.

குருநகரிலிருந்து, கடற்றொழில் குடும்பம்:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நன்றி.

நான் சொல்ல வந்தது வேறு. இந்தப் படம் எங்கிருந்து பிறந்தது என்று இயக்குநர் பல நேர்காணல்களில் கூறியிருக்கிறார். மகனோடு அயர்லாந்தின் மேற்குக் கரையில் விடுமுறைக்குப் போனபோது, கொல்லப்பட்ட சீல்கள் கரையில் கிடப்பதைக் கண்டாராம். மீன் குறைந்ததற்குச் சீல்களே காரணம் என்று தொழிலாளிகள் கொன்றிருக்கிறார்கள். முந்தைய காலத்தில் சீலைக் கொல்வது பாவம், அது கடலில் போனவர்களின் உயிராக இருக்கலாம் என்ற நம்பிக்கை மக்களிடம் இருந்தது, கதைகள் மறந்ததும் அந்தக் காப்பும் போய்விட்டது என்று ஊரில் ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்துதான் படம் தொடங்கியது.

எங்கள் கடலில் சீல் இல்லை. ஆனால் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்பசு இருக்கிறது. மூன்று மீற்றர் வரை வளரும், நானூறு கிலோவுக்கும் மேல் வரும். கடற்புல் மேய்கிற சாது. ஒரு தடவையில் ஒரு கன்றுதான் ஈனும், அதற்குப் பாலூட்டும். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுத்திணறியே செத்துவிடும். இங்கே அதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். அக்கரையில் தமிழ்நாடு அரசு 2022 இல் பாக்கு விரிகுடாவில் அதற்கென்று ஒரு காப்பகத்தை அறிவித்தது, 448 சதுர கிலோமீற்றர். இருந்தும் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. என் தகப்பனார் இளமையில் கண்டிருக்கிறார். நான் உயிரோடு ஒன்றையும் கண்டதில்லை.

படம் பார்த்தபிறகு என் மகள் கேட்கிறாள், எங்கள் கடலுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறதா என்று. தகப்பனார் கடற்பசுவைப் பற்றி ஏதோ சொல்லிப் பாடுவார். வலை இழுக்கும்போது பாடும் பாட்டின் மெட்டில் இருக்கும். அடிகள் எனக்கு முழுதாக நினைவில் இல்லை. நெடுந்தீவு, எழுவைதீவு, அனலைதீவு, மன்னார்ப் பக்கத்தவர்கள் யாராவது வீட்டு முதியவர்களிடம் கேட்டு எழுதுவீர்களா? பாட்டாக இருந்தாலும் சரி, கதையாக இருந்தாலும் சரி, பாதி என்றாலும் எழுதுங்கள். மீதியைக் குருநகரிலும் பாசையூரிலும் நான் விசாரிக்கிறேன்.