மறு: துப்பாக்கியில் பூட்டும் விளக்குக்கு என்ன பெயர்?

எல்லாருக்கும் வணக்கம்.

நான்கு நாளாகப் பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, மாமா வீட்டு மொட்டை மாடி. அந்தக் கதை கீழே வருகிறது. இழையில் நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: ரைபிளில் பொருத்துகிற விளக்கு ஒன்றின் கையேடு என்னிடம் தமிழாக்கத்துக்கு வந்திருக்கிறது. எனக்கு முன்னால் அதைச் செய்தவர் 'வெப்பன் லைட்' என்பதை 'இலகு ஆயுதம்' என்று போட்டுவிட்டார். போட்டது ஒரு இடத்தில் என்றால் பரவாயில்லை, கையேடு முழுக்க 'இலகு ஆயுதத்தின் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைக்கவும்', 'இலகு ஆயுதத்துக்குள் பேட்டரியை இடவும்' என்று ஓடுகிறது. சிரித்து முடித்த பிறகு நான் உட்கார்ந்தால் எனக்கும் சொல் கிடைக்கவில்லை. அதனால்தான் இங்கே கேட்டேன்.

வந்த யோசனைகளுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

> துப்பாக்கி விளக்கு என்றாலே புரிந்துவிடுமே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

புரியும்தான். நானும் முதல் நாள் அதைத்தான் எழுதினேன். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் பல்லை விளக்குவோம், பாத்திரம் விளக்குவோம், வெள்ளிக்கிழமையானால் குத்துவிளக்கையே விளக்குவோம். கையேட்டின் எட்டாம் பக்கம் துப்பாக்கியைச் சுத்தம் செய்வது பற்றியது. அங்கே 'துப்பாக்கி விளக்கும் துணியும்' என்று ஒரு தலைப்பு வந்து நின்றது. விளக்கு ஒன்று, துணி ஒன்று என்று நான் எழுதியதை, என் வீட்டம்மா துப்பாக்கியைத் தேய்த்து விளக்குகிற துணி என்று படித்தாள். அவள் மேல் தப்பில்லை. அப்புறம், தொகைச் சொல் சேரச் சேர நீளம் தாங்கவில்லை: துப்பாக்கி விளக்குப் பிடிமானத் திருகாணி. நெல்லை எக்ஸ்பிரஸ் மாதிரி பெட்டி பெட்டியாகப் போகிறது.

> குழல் விளக்கு?

கடையில் போய்க் கேட்டால் நாலடி டியூப் லைட்டைத் தூக்கிக் கையில் கொடுப்பார்கள். அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர் ஏற்கெனவே இருக்கிறார், விட்டுவிடலாம்.

> நாங்கள் துவக்கு என்போம். துவக்கு வெளிச்சம், துவக்கு லைட்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது, 'துவக்கு' நல்ல கச்சிதமான சொல். சிக்கல் எங்கள் பக்கத்தில்தான். இங்கே துவக்கு என்றால் ஆரம்பி. 'துவக்கு விளக்கு' என்று எழுதினால் ஏதோ மிஷினில் ஸ்டார்ட் ஆனதும் எரிகிற பச்சை விளக்கு என்றுதான் நினைப்பார்கள்.

> தேடுவிளக்கு அழகான சொல். இதையே வைக்கலாம்.

இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன், மன்னிக்கவும். அழகு உண்டு, ஆனால் இந்தப் பொருளுக்கு ஆபத்தான பெயர். டார்ச்சை எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். ராத்திரி மாட்டுத் தொழுவத்தில் சத்தம் கேட்டால் அங்கே அடிப்போம், வாசலில் யார் என்று மூஞ்சியில் அடிப்போம். இந்த விளக்கு எந்தப் பக்கம் திரும்புகிறதோ துப்பாக்கி வாயும் அந்தப் பக்கம்தான் திரும்பும். தேடுவதற்கு என்று பேர் வைத்துவிட்டால் விழுந்த சாவியையும் அதை வைத்தே தேடுவான் ஒருத்தன். மாமா (இருபது சொச்சம் வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், இப்போது கல்லிடைக்குறிச்சியில் வாழை போட்டிருக்கிறார்) இதைக் கேட்டதும் சொன்னது: "தேடுறதுக்குப் பையில தனியா ஒரு கைவிளக்கு வச்சுக்கணும்ல. துப்பாக்கில உள்ளது, சுட வேண்டிய ஆள்தானான்னு கடைசியா ஒரு தடவ உறுதிப்படுத்த." பெயரில் தேடுவது வரக்கூடாது என்பதில் எனக்கு இனிச் சந்தேகம் இல்லை.

சரி, மொட்டை மாடி.

மாமாவிடம் துப்பாக்கி கிடையாது. தோட்டத்துக்கு லைசன்ஸ் வாங்கலாமே என்று கேட்டால், ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி வருகிற வேலைக்கு வாழையைத் தோண்டுகிற பன்றியே தேவலை என்பார். பன்றியை நாமே சுடச் சட்டமும் விடாது, அது வேறு கதை. ஆகவே மூன்றடிப் பிவிசி பைப் ஒன்றை எடுத்துக்கொண்டோம், முக்கால் இஞ்ச். சைக்கிள் டியூப்பை நாடா நாடாவாகக் கிழித்து, ஒரு சார்ஜ் டார்ச்சைப் பைப்பின் நடுவில் இடது பக்கமாக வைத்து இறுக்கிச் சுற்றினார். எதிர் மாடிக் கொடியில் அப்பளக்காரர் வீட்டு வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது, அதுதான் திரை.

விளக்கைப் போட்டதும் எனக்கு விஷயம் புரிந்தது. வெளிச்சத்தின் நடுப்புள்ளி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றிப் பரவுகிற ஒளியில் வலது பக்கம் கால்வாசியைக் காணோம், பைப் விழுங்கிவிட்டது. அந்த இருட்டுக்குள் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை, அது எழுந்து நடுவெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தோம். டார்ச்சைப் பைப்புக்குக் கீழே மாற்றினால் இருட்டு மேலே போனது, இது இன்னும் மோசம், வேட்டியின் மேல்பாதி போய்விட்டது. மேலே ஏற்றிக் கட்டினால் நிழல் தரைப் பக்கம் விழுகிறது, பெரிய நஷ்டம் இல்லை. கையேடும் முடிந்தால் பன்னிரண்டு மணி நிலையில் (குழல் வாயைக் கடிகாரமாக நினைத்தால் நேர் மேலே) பூட்டு என்றே சொல்கிறது, குறி பார்ப்பதற்குக் குழல் நுனியில் இருக்கிற முன்குறி மறிக்காத துப்பாக்கியாக இருந்தால். மறித்தால் ஒன்றரை மணி, பத்தரை மணி என்று சாய்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த இருட்டுக்குக் 'குழல்நிழல்' என்று எழுதியிருக்கிறேன். இதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

விளக்கை முன்னால் நகர்த்த நகர்த்தக் குழல்நிழல் சுருங்குகிறது. அப்படியே வாய்க்கு நேராகக் கொண்டு வைத்துவிடலாமே என்றேன். வெடிக்கும்போது வருகிற கரி முழுக்கக் கண்ணாடியில் அப்பும் என்றார் மாமா. அரிக்கேன் சிம்னியை ஆச்சி சாம்பல் போட்டுத் துடைத்த மாதிரி தினம் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். உதட்டுக்குப் பூசுகிற மெழுகைக் கண்ணாடியில் லேசாகத் தடவி வைத்தால் கரி ஒட்டாமல் வழித்துக்கொண்டு வரும் என்று ரைபிள்காரர்கள் சொல்வதுண்டு. வாயிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி வைப்பதுதான் வழக்கம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். டார்ச்சைக் கட்டிக்கொண்டிருந்த மாமா டியூப் ரப்பர் நழுவுகிறது என்று எரிச்சல்பட்டு, "இதுக்கு உலக்கைக்குப் போடுற மாதிரி ஒரு பூண் போட்டாத்தாம்ல நிக்கும்" என்றார். அந்த இடத்தில் பிடித்தேன். பூண். உலக்கை அடியில் கொல்லர் அடித்து ஏற்றுகிற இரும்பு வளையம், கைத்தடி நுனியில் போடுவதும் அதுதான். பூணுதல் என்றால் அணிதல். விளக்கைத் துப்பாக்கியோடு சேர்க்கிற வளையமும் பூண், துப்பாக்கி பூண்டுகொள்கிற விளக்கும் பூண்விளக்கு. ஒரே வேரில் இரண்டு கலைச்சொல், இரண்டும் சின்னது. தேடுவதும் இல்லை, கையில் பிடிப்பதும் இல்லை, பூட்டியிருப்பது என்கிற ஒரு செய்தி மட்டும் பெயரில் இருக்கிறது. முதல் தடவை 'துப்பாக்கிப் பூண்விளக்கு', அப்புறம் வெறும் 'பூண்விளக்கு'. பூணை விளக்கு என்று யாராவது படிப்பார்களே என்று கேட்பீர்கள். பல்லை விளக்குகிறவர்கள் கோடிப் பேர் இருக்கிறார்கள், பூணை விளக்கியவரை நான் பார்த்ததில்லை.

மற்ற சொற்களில் இரண்டு மட்டும் நிறையத் தகராறு பண்ணியது. விளக்கை வாங்குகிறவர்கள் எல்லாரும் லுமென் எவ்வளவு என்று கேட்கிறார்கள், பாடப்புத்தகத்தில் அது ஒளிப்பாயம், விளக்கிலிருந்து வெளியே வருகிற மொத்த ஒளி. கேண்டிலா என்பது ஒளிச்செறிவு, ஒரு திசையில் எவ்வளவு குவிந்து போகிறது என்பது. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு ஒரே கம்பெனியின் இரண்டு விளக்குத் தலைகளைச் சொல்லலாம். மாட்லைட்டின் ஓகேடபிள்யூ 680 லுமென், 69,000 கேண்டிலா. அவர்களுடைய பிஎல்எச்வி2 1350 லுமென், 54,000 கேண்டிலா. முதலாவதுக்கு லுமென் பாதி, ஆனால் போய் எட்டுகிற தூரம் அதிகம். கேண்டிலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வந்துவிடும்: முதலாவது சுமார் 525, இரண்டாவது சுமார் 465. அந்த எல்லையில் கிடைப்பது 0.25 லக்ஸ், பௌர்ணமி நிலா அளவு, ஆளை அடையாளம் காண அது பத்தாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இந்தத் தூரத்துக்கு 'வீச்சு' என்று ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு 'எட்டம்' நன்றாகப் படுகிறது. "எட்டத்துல நிக்கான்" என்று தினமும் சொல்கிறோம், அதையே அளவுக்கும் வைக்கலாம். பரவுகிற ஒளிக்குச் 'சுற்றொளி'. வயல் வரப்பு, மார்கழிப் பனி என்றால் எட்டம் கூடியது வேண்டும். வீட்டுக்குள் சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் சுற்றொளி கூடியதுதான் உதவும், குவிந்த ஒளி சுவரில் பட்டு நம் கண்ணையே குத்தும்.

அடுத்தது, விளக்கு மாதிரிச் சாமான்களைப் பூட்டுவதற்குத் துப்பாக்கியில் பல் பல்லாக இருக்கிற அந்தச் சட்டம், பிக்காட்டினி. 1995இல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்தியது, தரநிலை எண் 1913 (வருஷம் இல்லை). ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குச் சுமார் 10 மில்லிமீட்டர், பள்ளத்தின் அகலம் சுமார் 5.2. 'தண்டவாளம்' என்று ஒருவர் எழுதியிருந்தார், வேண்டாம் ஐயா, செங்கோட்டை லைன்தான் ஞாபகம் வருகிறது. நான் 'பல்சட்டம்' என்கிறேன். பணம் ஏற்றும் வண்டியில் வருகிற காவலர் தோளில் இருக்கிற இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கியில் இப்படிச் சட்டமே கிடையாது, அதனால் அவர்களிடம் கேட்டு வழக்குச் சொல் பிடிக்கலாம் என்ற என் திட்டம் நடக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பேங்க் வாசலில் கேட்டுப் பார்த்தேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்ததுதான் மிச்சம்.

பேட்டரிக்கு நான் யோசிக்கவே இல்லை. மூணு கட்டை லைட், அஞ்சு கட்டை லைட் என்றுதானே ஊரில் பேச்சு. 'இரண்டு சிஆர்123ஏ கட்டை அல்லது ஒரு 18650 கட்டை' என்று போட்டேன், கேட்கச் சுகமாக இருக்கிறது. (18650 என்பது பூச்சாண்டி எண் இல்லை, விட்டம் 18, நீளம் 65 மில்லிமீட்டர்.) துப்பாக்கி உதைக்கும்போது கட்டை முன்னும்பின்னும் ஆடித் தொடுப்பு விட்டு விளக்கு கண் சிமிட்டும், அதனால் இரண்டு முனையிலும் சுருள்வில் உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்கிறது கையேடு. பாடப்புத்தகச் சொல் பின்னியக்கம், ஆனால் நான் 'உதை' என்றே விட்டுவிட்டேன், துப்பாக்கி உதைக்கும் என்று சொல்லாத ஆள் யார்?

திருகாணியை முறுக்கும்முன் நீலநிற லாக்டைட் (திருகாணி கழலாமல் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு, முழுசாக இறுக ஒரு நாள். பிறகு திருகாணித் தலையிலிருந்து பூண் வரைக்கும் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும், கோடு விலகியிருந்தால் திருகாணி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். லாரி ஒர்க்‌ஷாப்பில் வீல் நட்டுக்கு இந்த மாதிரிக் கோடு போடுவதைப் பார்த்திருக்கிறேன். 'சாட்சிக்கோடு' என்று வைத்திருக்கிறேன்.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். துப்பாக்கியின் முன்பிடியில் ஒட்டி வைத்து, அழுத்தினால் எரிந்து, விட்டால் அணைகிற அந்தப் பட்டையான சுவிட்ச். 'அழுத்துப்பட்டை' என்று எழுதினேன், திருப்தி இல்லை, அடிபட்ட காலுக்குச் சுற்றுகிற பட்டை மாதிரி இருக்கிறது. அண்ணாச்சி, நீங்கள் மில்லில் மிஷின் பார்த்தவர், அங்கே கை எடுத்தால் நிற்கிற சுவிட்சுக்குத் தொழிலாளிகள் என்ன சொன்னார்கள் என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் சேர்த்துவிடுவேன்.

பி.கு.: அப்பளக்காரர் வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு வேட்டி மேல் யார் லைட் அடித்தது என்று விசாரணை நடக்கிறது. மாமா என் பெயரைச் சொல்லிவிட்டார்.