புதுப்பிப்பு: கால்குலேட்டரில் காணாமல் போன வளைவு கிடைத்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன் அல்லவா? கீழக்கரை மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த டிஐ-84 பிளஸ் என்ற வரைபடக் கால்குலேட்டரில் y = x² − 40x + 300 போட்டால், திரையின் வலது ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு மட்டும் தெரிகிறது, மிஷின் பழுதா என்று. பழுதில்லை. நான்தான் விண்டோவை, அதாவது திரை எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை காட்ட வேண்டும் என்ற அமைப்பை, தொடவே இல்லை.

முதலில் இருப்பது இரண்டு அச்சிலும் −10 முதல் 10 வரை. இந்த வளைவோ x 10-லும் 30-லும் அச்சை வெட்டி, நடுவில் 20-ல் −100 வரை இறங்குகிறது. பாம்பனில் எங்கள் வீட்டு ஜன்னலில் படகின் பாய்மர நுனி மட்டும் தெரியுமே, அந்தக் கதைதான்.

வளைவைத் திரைக்குள் தானாகப் பொருத்தும் என்று பலர் சொன்ன ஜூம் ஃபிட்டையும் அழுத்தினேன். அது x-ஐ அப்படியே விட்டு y-ஐ மட்டும் 0 முதல் 800 வரை நீட்டியது. சரிவு வந்தது, பள்ளம் வரவில்லை! அப்புறம் விண்டோவில் கையாலேயே போட்டேன்: எக்ஸ்மின் 0, எக்ஸ்மேக்ஸ் 40, ஒய்மின் −120, ஒய்மேக்ஸ் 320. முழுப் பள்ளமும் அழகாக உட்கார்ந்தது.

ஆனால் y அச்சு தார் பூசியது போல் தடித்துவிட்டது. அச்சில் எத்தனைக்கு ஒரு குறிக்கோடு என்று சொல்லும் ஒய்ஸ்கேல் 1 என்றே இருந்ததால் 440 குறிக்கோடுகள் நெருக்கியடித்து நின்றிருக்கின்றன. 50 ஆக்கினேன், சரியானது.

−120-க்குக் கழித்தல் விசையை அழுத்திப் பிழைச்செய்தி வாங்கியது தனிக்கதை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் குறை விசைதான் வேண்டும்.