கூடல்நகர மதுரைக்கு ரெண்டாவது ரயில் டெர்மினலா மாத்துனா நமக்கு நல்லதா கெட்டதா?

விளாங்குடிக்காரன்:
மக்களே ஒரு டவுட்டு. மதுரை ஜங்ஷன் வேலைக்கு 2022 மே மாசம் அடிக்கல் நாட்டுனாங்க, 340 கோடிக்கு மேலன்னு சொன்னாங்க, சரி நல்ல விஷயம். ஆனா கட்டடம் எம்புட்டு பெருசானாலும் நாலு பக்கமும் வீடும் கடையும்தான, தண்டவாளம் எங்கிட்டு போடுவாய்ங்க? போன வாரம் சோழவந்தான் வரைக்கும் டைமுக்கு வந்த வண்டி ஜங்ஷனுக்கு முந்துன ஸ்டேஷனான கூடல்நகர்ல வந்து அப்படியே படுத்துருச்சு, முக்கா மணி நேரம், எங்க வீட்டு மொட்டை மாடி தெரியுது ஆனா இறங்க முடியல, ஜங்ஷன் போய் திரும்ப ஆட்டோ புடிச்சு வந்தேன். பேசாம கூடல்நகர்லயே பெரிய ஸ்டேஷனா கட்டி சென்னை வண்டில பாதிய அங்கயே முடிச்சுக்கலாம்ல?

லூப்லைன்:
ப்ரோ, டெர்மினல்னா பிளாட்பாரம் மட்டும் இல்ல. ஒரு எல்எச்பி பெட்டி, அதாவது இப்ப ஓடுற புது மாதிரி ரயில் பெட்டி, கிட்டத்தட்ட 24 மீட்டர், 24 பெட்டி வண்டின்னா 560 மீட்டர தாண்டிரும், அதுக்கு மேல எஞ்சின். இத நிறுத்த இடம் வேணும், அப்புறம் பிட் லைன் வேணும், அதாவது தண்டவாளத்துக்கு நடுவுல பள்ளம் வெட்டிருப்பாங்க, ஆள் உள்ள இறங்கி பிரேக்கு சக்கரம் எல்லாம் பாக்கணும், தண்ணி ஏத்தணும், பெட்ஷீட் மாத்தணும், ஒரு வண்டிக்கே அஞ்சாறு மணி நேரம் ஆயிரும். திண்டுக்கல், விருதுநகர், மானாமதுரை, போடின்னு நாலு லைனும் ஜங்ஷன்லதான் வந்து சேருது, அதான் உங்க வண்டி உள்ள வர வழி கெடைக்காம அவுட்டர்ல, அதாவது ஜங்ஷனுக்கு வெளிய, படுக்குது. கூடல்நகர்ல ஏற்கனவே கூட்ஸ் ஷெட் இருக்கு, அதையும் வச்சுக்கிட்டு பிட் லைனும் போடணும்னா எம்புட்டு இடம் வேணும்னு யோசிங்க. பிட் லைன் இல்லாம பில்டிங் மட்டும் கட்டுனா, காலி வண்டி மறுபடி வைகைப் பாலம் தாண்டி ஜங்ஷனுக்குத்தான் வரணும், அப்ப நெரிசல் எங்க கொறைஞ்சுச்சு.

ஆரப்பாளையம் பெருசு:
தம்பி, நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்ட பிரிச்ச கதை மறந்துபோச்சா? தேனியில இருந்து வர்றவன் ஆரப்பாளையத்துல இறங்கி, திருச்சி போகணும்னா மூட்டை முடிச்சோட டவுன் பஸ் ஏறி மாட்டுத்தாவணி போகணும். இன்னைக்கு வரைக்கும் அதான் நிலைமை. ரயிலுக்கும் அதே கூத்தா? அடிக்கல் நாட்டுன அதே 2022 மே 26லதான் மதுரை தேனி அகலப்பாதை ரயிலும் ஆரம்பிச்சாங்க, போடி வரைக்கும் 2023 ஜூன்ல போச்சு. பன்னெண்டு வருஷம் ரயிலே இல்லாம கெடந்த சனம் அது. அவுக ஜங்ஷன்ல வந்து இறங்கி சென்னை வண்டிக்கு கூடல்நகர் ஓடணுமா? ஜங்ஷன்னா நாலு எட்டு வச்சா பெரியார் பஸ் ஸ்டாண்டு. கூடல்நகர்ல ராத்திரி பதினோரு மணிக்கு இறங்கி பாரு, நாயும் நாமளும்தான். மெட்ரோ மெட்ரோன்னாங்களே, அந்தத் திட்டமும் திருமங்கலம் டு ஒத்தக்கடைதான், இங்கிட்டு எட்டிக்கூட பாக்கல.

அலங்காநல்லூர் பொண்ணு:
பெரியப்பா சொல்றது சரிதான், ஆனா வண்டிய முடிக்கச் சொல்லி யாரு கேட்டா? ரெண்டு நிமிஷம் நின்னு போனா போதும். ஆனையூர், விளாங்குடி, எங்க ஊர் பக்கம் எல்லாருமே ஊருக்குள்ள போய் சிக்கிட்டுத்தான் திரும்பி வர்றோம், சித்திரைத் திருவிழா நேரம்னா சொல்லவே வேணாம். சென்னையில தாம்பரத்துல நிக்கலையா, எம்புட்டு பேரு அங்கயே இறங்கிர்றாங்க.

லூப்லைன்:
தாம்பரத்துல இறங்குனா கையோட எலக்ட்ரிக் ட்ரெயின் இருக்கும்மா, அதான் ஓடுது. இங்க மினி பஸ்ஸாவது விட்டாத்தான் ஆவும். ஆனா ஸ்டாப்பு கேக்குறது நியாயமான கோரிக்கை, செலவும் கம்மி. நீளமா ஒரு பிளாட்பாரம், கூரை, லைட்டு, ஏறி இறங்க ஒரு நடைமேம்பாலம், பாத்திமா காலேஜ் பக்கம் மெயின் ரோட்டுல இருந்து ஒழுங்கான பாதை. வந்தே பாரத்த நிறுத்துன்னு கேக்காதீங்க, கெடைக்காது. ராத்திரி கெளம்பி விடியக்காலைல வர்ற சென்னை வண்டிகளுக்கு கேளுங்க.

விளாங்குடிக்காரன்:
சரிண்ணே புரிஞ்சுது, டெர்மினல் ஆசைய விட்டாச்சு. ஸ்டாப்பு கேட்டு மனு எழுதுறேன், ஆனையூர் அலங்காநல்லூர் பக்கம் கையெழுத்து போடுறவங்க இங்கயே சொல்லுங்க. பெருசு, நீங்களும் போடணும், நாய்க்கு லைட்டு போடச் சொல்லி அதையும் சேத்து எழுதிர்றேன்.

ஆரப்பாளையம் பெருசு:
லைட்டு மொதல்ல எழுது. அப்புறம் கையெழுத்து.