அவசர உதவி: லத்தீன் ‘கார்ப்பே வியம்’ என்றால் வழியைப் பறிப்பதா?

அகல்விளக்கு
ஒரு மொழிபெயர்ப்பை இன்னிக்கு ராத்திரிக்குள்ள அனுப்பியாகணும். லத்தீன்ல கார்ப்போ, கார்ப்பெரேன்னா பறி, கொய், கிள்ளுன்னுதான் என் அகராதியில இருக்கு. ஒரு இடத்துல ‘கார்ப்பே வியம்’னு வருது. வியம்னா வழி. ‘வழியைப் பறி’ன்னு எழுதினா வழிப்பறிக்காரனுக்கு உத்தரவு போடுற மாதிரி ஆயிடுது. என்ன போடலாம்? யாராவது சொல்லுங்க.

தூக்கணாங்குருவி
எந்த நூல்? யார் யார்கிட்ட சொல்றாங்க? செய்யுளா, உரைநடையா? இது தெரியாம எதைச் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

பழைய ஏடு
அகராதியில் முதல் பொருளைப் பார்த்த உடனே இங்கே ஓடி வருவதை நான் பலமுறை கண்டித்திருக்கிறேன். பெரிய அகராதியை எடுத்து அந்தச் சொல்லின் கீழ் உள்ளதை முழுதாகப் படியுங்கள் தம்பி. பூப் பறிப்பதில் தொடங்கி ஆடு மேய்வது, கம்பளி பிய்ப்பது, ஒருவரைப் பழித்துப் பேசுவது, வழி நடப்பது வரை எல்லாம் இருக்கும். சீசர் தம் உள்நாட்டுப் போர்க் குறிப்பில், குதிரைப்படையை விட்டு எதிரியின் அணிவகுப்பைத் தாக்கித் தாக்கி நலிய வைப்பதற்கும் இதே வினையைத்தான் போடுகிறார். அங்கே பூவா பறித்தார்கள்?

மேய்ச்சல்காடு
இந்தச் சொல்லோட உயிரே ‘கொஞ்சங்கொஞ்சமா’ங்கிறதுதான். நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றேன். ஆடு ஒவ்வொரு வாயா புல்லைக் கடிக்கும். ரோமானியக் கவிஞர் விர்ஜிலோட உழவுக் கவிதையில பொண்ணுங்க ராத்திரி உட்கார்ந்து தங்கள் பங்குக் கம்பளியைப் பிய்ப்பாங்க, அதுக்கும் கார்ப்பெரேதான். அவரோட ஈனியட் காவியத்துல நாலாங் காண்டம் ரெண்டாவது வரியில தீதோ அரசியை மறைஞ்ச நெருப்பு ஒண்ணு ‘கார்ப்பெரே’ பண்ணுது. கவலை ஆளை அரிக்குதுன்னு சொல்றோமே, அதேதான். வழியையும் அப்படி அடி அடியாத் தின்னு தீர்க்கணும். ‘மெல்ல நட’ன்னு போடுங்க.

செம்பருத்தி
‘கார்ப்பே தியெம்’ எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? அதை ‘நாளைப் பற்று’ன்னு எழுதிப் பாத்திருக்கேன். இதையும் ‘வழியைப் பற்று’ன்னு போட்டுட்டுப் போங்களேன்.

தூக்கணாங்குருவி
அக்கா, அந்தப் ‘பற்று’ எனக்கு உறுத்துது. ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் கி.மு. 23ல வெளியிட்ட பாடல்கள்ல முதல் புத்தகம், பதினொன்றாம் பாட்டு அது. லூக்கோனோயேங்கிற பொண்ணுகிட்ட பேசுறார். மதுவை வடிகட்டுங்கிறார், நீண்டு போன ஆசையை வெட்டிக் குறைங்கிறார், அதுக்கப்புறம்தான் ‘கார்ப்பே தியெம்’. முழுக்கக் கொடித்தோட்டத்து வேலை. பழுத்த பழத்தைக் கொய்யுற மாதிரி இந்த ஒரு நாளைக் கொய்னு சொல்றார். பற்றுறது போர்க்களத்துப் பேச்சு.

மேய்ச்சல்காடு
‘நாளைக் கொய்’னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா? ‘நாளைக்குப் பறிச்சுக்கலாம்’னு படிப்பாங்க! ஹொரேஸ் அதே வரியிலேயே வரப்போற நாளை நம்பாதேங்கிறார். அர்த்தமே தலைகீழாயிடும்.

பழைய ஏடு
இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும். ‘நாளைக் கொய்’ என்று ஒற்று இருந்தால் அது ‘இந்த நாளை’. ‘நாளை கொய்’ என்று ஒற்றில்லாமல் இருந்தால்தான் மறுநாள். இலக்கணம் தெரிந்தவருக்குக் குழப்பமே வராது.

மேய்ச்சல்காடு
ஐயா, கவிதையைக் காதால கேக்குறவங்க ஒத்து இருக்கா இல்லையான்னு எண்ணிட்டா இருப்பாங்க? படிக்கிறவங்கள்லயே பாதிப் பேர் கவனிக்க மாட்டாங்க.

பழைய ஏடு
அதற்காக ஒற்றை விட்டுவிட முடியாது. வேண்டுமானால் ‘இந்நாளைக் கொய்’ என்று எழுதட்டும்.

அகல்விளக்கு
மன்னிக்கணும், வெளியில போயிருந்தேன். ஈனியட் ஆறாங் காண்டம், 629ஆம் வரி. குறி சொல்ற சிபில் காவிய நாயகன் ஈனியாஸ்கிட்ட சொல்றா. நான் செய்யுளாத்தான் பண்றேன்.

தூக்கணாங்குருவி
இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா! அதே காண்டத்துல 146ஆம் வரியைத் திருப்பிப் பாருங்க. பாதாளத்துக்குள்ள போகத் தேவையான பொற்கிளையைப் பத்திச் சொல்லும்போது, ‘கண்ணை உயர்த்தித் தேடு, கிடைச்சதும் முறைப்படி கையால கார்ப்பே’ங்கிறா. அதே சிபில், அதே ஈனியாஸ், அதே ஏவல் வினை. அங்கே நிஜமாவே மரத்துல இருந்து பறிக்கிறது. 629ல பாதாளத்துல நின்னுட்டு, பறிச்ச கிளையைப் பாதாள அரசி ப்ரொசெர்ப்பினா வாசல்ல காணிக்கையா வைக்கப் போகும்போது ‘கார்ப்பே வியம், எடுத்த காரியத்தை முடி’ங்கிறா. கிளையைப் பறிச்ச கை இப்ப வழியைப் பறிக்கணும். விர்ஜில் இதை நினைச்சுத்தான் வெச்சார்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ரெண்டு இடத்துலயும் ஒரே சொல்லோட ஓசை தமிழ்லயும் கேட்டா நல்லாயிருக்கும்.

மேய்ச்சல்காடு, உங்க ‘மெல்ல நட’ இங்கே ஒத்து வராது. அடுத்த வரியே ‘விரைவோம்’னுதான் ஆரம்பிக்குது.

என் யோசனை: 146ல ‘எட்டிப் பறி’, 629ல ‘எட்டி நட’. கிளை உயரத்துல இருக்கு, அதனால எட்டித்தான் பறிக்கணும். எட்டி நடன்னா கால் விரைஞ்சு போகும்.

மேய்ச்சல்காடு
‘விரைவோம்’ இருக்குறதை நான் பாக்கல. தீதோ வரிக்கு மட்டும் என் பேச்சுல மாத்தமில்ல.

செம்பருத்தி
‘எட்டி நடை போடு’ன்னு எங்க பாட்டி விரட்டுவாங்க. சிபிலும் கிழவிதானே, அவ வாயில சரியா உக்காருது.

அகல்விளக்கு
146ஐப் போன மாசமே ‘கையால் ஒடி’ன்னு எழுதி மூடி வெச்சிருந்தேன். ரெண்டையும் சேர்த்துப் பாக்கவே தோணல. இப்ப ‘எட்டிப் பறி’, ‘எட்டி நட’ன்னு மாத்தி அனுப்பிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

பழைய ஏடு
அந்த ‘ஒடி’யைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விதி உன்னை அழைத்திருந்தால் கிளை தானாக இசைந்து வரும் என்று சிபில் சொல்லியிருந்தாள். 211ஆம் வரியிலோ அது தயங்குகிறது. ஈனியாஸ் ஆவலோடு பிடித்து முறிக்கிறான். அங்கே விர்ஜில் கார்ப்பெரேயைப் போடவில்லை, ‘ரெஃப்ரிங்கித்’ என்கிறார். ‘ஒடித்தான்’ அந்த இடத்துக்கு உரியது.