வீட்டு டிரையரில் டிரை கிளீனிங்: பை தைக்க எந்தத் துணி, எப்படி மூடுவது?

ஊசிநூல்:
மக்களே, ஒரு யோசனை வேண்டும். நான் இருப்பது சான் ஹோசே பக்கம். ஆபீசுக்குப் போடும் கம்பளி பிளேசர், ரா சில்க் குர்தா, லைனிங் வைத்த பாவாடை, எதை எடுத்தாலும் 'டிரை கிளீன் ஒன்லி' லேபிள். ஒரு தடவை போட்டுக் கழற்றியதை அழுக்கு என்று சொல்ல முடியாது, அப்படியே மாட்டி வைக்கவும் மனசு வராது, தாளிச்ச வாசனை அதில் ஏறியிருக்கும். அதற்காக ஒவ்வொரு தடவையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது கட்டுப்படியாகவில்லை.

1999-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் அமெரிக்கா முழுக்கக் கொண்டுவந்த டிரையெல் மாதிரி கிட் பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும். ஈரமான சின்னத் துணி ஒன்றையும் உடுப்புகளையும் பைக்குள் போட்டு டிரையரில் சுற்றவிட்டால், சுருக்கமும் வாசனையும் போகும். அந்தப் பையை நானே, பல வருஷம் தாங்குகிற மாதிரி தைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். மெஷின் இருக்கிறது, தைக்கவும் வரும். துணிதான் குழப்பம். ஸிப் வைப்பதா, வெல்க்ரோவா? காற்றே போகாமல் மூட வேண்டுமா? பழைய தலையணை உறையே போதாதா என்று வீட்டுக்காரர் வேறு கேட்கிறார்.

பனியன்சிட்டி:
திருப்பூரில் துணி வேலைதான் நமக்கு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன் அக்கா.

தலையணை உறை வேண்டாம். ஈரத்துணியிலிருந்து கிளம்பும் ஆவியைக் காட்டன் பாதி குடித்துவிடும், மீதி நெசவு வழியாகப் போய்விடும், உள்ளே இருக்கிற பிளேசருக்கு வெறும் சூட்டுக்காற்றுதான் மிச்சம். ஆவியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பதுதான் இந்தப் பையின் வேலையே. அதற்காக இறுக்கி மூடிவிடவும் கூடாது. 20 மில்லி தண்ணீர் முழுக்கக் கொதித்து ஆவியானால் 30 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். டிரையருக்குள் அவ்வளவு சூடு கிடையாது, எல்லாம் ஒரே நேரத்தில் ஆவியாவதும் இல்லை, ஆனாலும் காற்றும் ஆவியும் சூட்டில் விரிந்து பை பலூனாக உப்பிக்கொண்டால் டிரம்மோடு சேர்ந்து உருளும், உள்ளே உடுப்பு அசையவே அசையாது. அசையாவிட்டால் ஒரு பக்கம் நனைந்தும் ஒரு பக்கம் காய்ந்தும் கிடக்கும்.

துணி என்று பார்த்தால் நைலான். டிரையருக்குள் காற்று 60, 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். நைலான் 6 உருகுவது 220 டிகிரி கிட்ட, பாலியஸ்டர் 250 டிகிரி வாக்கில், ஆக இரண்டுமே தாங்கும். வில்லங்கம் எல்லாம் கோட்டிங்கில்தான். பாராசூட் துணி, குடைத் துணி என்று விற்பதன் பின்பக்கம் பியு (பாலியூரித்தேன்) கோட்டிங் இருந்தால் சரி, பிவிசி இருந்தால் தொடாதீர்கள். பிவிசி 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், அதை வளைவாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் உங்கள் சில்க்கில் வாசனையோடு வந்து ஒட்டும். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. செம்புக் கம்பியை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, கோட்டிங் மேல் ஒரு தொடு தொட்டு, திரும்ப நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் உள்ளே குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் செய்யுங்கள், அந்தப் புகை ஆகாது.

அப்புறம், கடைகளில் ஓசியில் தருகிற நெய்யாத துணிப்பை. அது பாலிபுரொப்பிலீன், 160 சொச்சத்தில் உருகும். 70 டிகிரியில் உருகாதே என்று வாதாடலாம்தான், ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மக்கர் பண்ணுகிற நாளில் டிரம்மைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

நூல் பாலியஸ்டர் போடுங்கள். நைலான் ஓரம் சீக்கிரம் பிரியும், அதனால் பிரெஞ்ச் சீம் (வெட்டிய ஓரம் உள்ளே மறைகிற மாதிரி இரண்டு தடவை தைப்பது), முடியாவிட்டால் ஓவர்லாக் அடித்து மேலே டேப் பிடித்துத் தைத்துவிடுங்கள். ஊசித் துளை வழியாகக் கொஞ்சம் ஆவி போகும், போகட்டும்.

டிரம்வாசி:
துணி பற்றி மேலே சொன்னதே போதும். மூடுவதற்கு வெல்க்ரோ. உலோக ஸிப் சூடேறும், டிரம்மையும் கீறும். மூடியை உறை மாதிரி மேலிருந்து மடித்து, இரண்டு ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெல்க்ரோ இல்லாமல் விட்டுவிடுங்கள், ஆவி போக அந்த வழி போதும். வெல்க்ரோவின் மெத்துப் பக்கத்தை மூடியின் உட்புறமாகவும் முரட்டுப் பக்கத்தைப் பையின் வெளிப்புறத்திலும் வையுங்கள். மாற்றி வைத்தால் சில்க்கை உள்ளே விடும்போதும் எடுக்கும்போதும் இழையைப் பிடித்து இழுத்துவிடும்.

அளவு 65 x 70 செ.மீ. இருந்தால் இரண்டு மூன்று உடுப்புக்குத் தாராளம். பாதிப் பைக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. இப்போது வரும் டிரையர்களில் ஈரத்தைப் பார்க்க டிரம்மை ஒட்டி இரண்டு உலோகப் பட்டை இருக்கும், ஈரத்துணி அதில் படப்படத்தான் இன்னும் காயவில்லை என்று மெஷினுக்குத் தெரியும். உங்கள் உடுப்பு பைக்குள் இருப்பதால் பட்டையில் படவே படாது, ஆட்டோ மோடில் போட்டால் எல்லாம் காய்ந்துவிட்டது என்று நினைத்துச் சீக்கிரமே நின்றுவிடும். அதனால் டைமரில், நடுத்தரச் சூட்டில், 20 நிமிடம். நின்றதும் எடுத்து ஹேங்கரில் மாட்டிவிட வேண்டும், சூடான பைக்குள்ளேயே விட்டுவைத்தால் விழுகிற சுருக்கம் பழைய சுருக்கத்தைவிட மோசம்.

மாம்பலம்வாசி:
எங்கள் தெருவில் புடவைக்குப் பெட்ரோல் வாஷ் என்று செய்வார்களே, பட்டு புதுசு மாதிரி வரும். அந்தச் சின்னத் துணியில் தண்ணீருக்குப் பதில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டு வைத்தால் நிஜமான டிரை கிளீனிங்கே ஆகிவிடுமே? சும்மா ஒரு யோசனைதான்.

பனியன்சிட்டி:
தம்பி, அந்த யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே தீப்பொறிக்குப் பற்றும். டிரையரில் இருப்பது ஹீட்டர், அமெரிக்காவில் பல வீடுகளில் கேஸ் சுடரே எரியும். ஏற்கனவே பெட்ரோல் வாஷ் செய்த புடவை, வெயிலில் நன்றாகக் காய்ந்துவிட்டது என்றாலும், டிரையருக்குள் போகக் கூடாது. மண்ணெண்ணெய், தின்னர், எல்லாவற்றுக்கும் இதேதான்.

இந்தக் கிட்டில் வருகிற திரவம் பெரும்பாலும் தண்ணீர், அதோடு கொஞ்சம் கரைப்பான், வாசனை. அதனால் இதை டிரை கிளீனிங் என்று சொல்வதே விளம்பரக்காரர்கள் வேலை. கடையில் உடுப்பையே கரைப்பானில் முக்கி எடுப்பார்கள், பல காலம் அது பெர்க் எனப்படும் பெர்குளோரோஎத்திலீன். காற்றில் கலக்கும் அதன் ஆவி உடம்புக்கு ஆபத்து என்றுதான் ஊசிநூல் அக்கா இருக்கிற கலிபோர்னியாவில் 2023 ஜனவரி 1 முதல் பெர்க் மெஷின்களுக்கே தடை. எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை இருந்தால் பைக்குள் போடாதீர்கள், சூட்டில் கறை உட்கார்ந்துவிடும், பிறகு கடைக்காரராலும் எடுக்க முடியாது.

ஊசிநூல்:
எல்லோருக்கும் நன்றி. ரிப்ஸ்டாப் நைலான் (கிழிசல் பரவாத மாதிரி நெய்தது), பியு கோட்டிங், 150 செ.மீ. அகலத்தில் ஒரு மீட்டர் வாங்கிவிடுகிறேன். அகலத்தைப் பாதியாக மடித்தால் பக்கத்தில் ஒரே தையல், மூடிக்கும் துணி மிஞ்சும். கம்பிச் சோதனையும் செய்துவிட்டுத்தான் கத்திரி வைப்பேன். கல்யாணப் பட்டுப்புடவை ஒன்று இருக்கிறது, அதை உள்ளே விடலாமா?

டிரம்வாசி:
வேண்டாம். ஐந்தரை மீட்டர் துணி டிரம்மில் சுற்றினால் கயிறாக முறுக்கிக்கொள்ளும், முறுக்கில் ஜரிகை மடிந்தால் அந்தக் கோடு போகாது. கரையில் கெட்டிச் சாயம் இல்லையென்றால் ஈர ஆவியில் உடம்புப் பக்கம் இறங்கவும் செய்யும். கட்டி அவிழ்த்ததும் நிழலில், ஃபேன் காற்றில் உள்பக்கம் வெளியே தெரிய விரித்துப் போடுங்கள், வியர்வை வாசனை அதிலேயே போகும். ஃபால்ஸ் கீழே அழுக்கு இருந்தால் கடைக்குக் கொடுங்கள், ஜரிகைப் புடவை என்று சொல்லியே கொடுங்கள்.