டிசிஎல் செத்துப்போச்சாம்!

வெருலம்_அண்ணன்:
நம் டர்பன் குழு எழுதும் குழாய் வடிவமைப்பு மென்பொருளுக்குப் பைத்தான் மொழியும், திரையில் சாளரம், பொத்தான் போடும் க்யூடி கருவித்தொகுப்பும்தான் சரி, டிசிஎல் மொழியும் அதன் திரைக் கருவித்தொகுப்பு டிகேயும் செத்துப்போச்சு என்று ஃபீனிக்ஸ் தம்பி எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஜான் ஆஸ்டர்ஹவுட் 1988-ல் பெர்க்லியில் டிசிஎல்லை உருவாக்கியதே வடிவமைப்புக் கருவிகளுக்காகத்தான். சிப் வரையும் கருவி ஒவ்வொன்றிலும் ஓர் அரைகுறைக் கட்டளை மொழி இருந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றைக் கொடுத்தார். இன்றும் சிப் வடிவமைக்கும் விவாடோ மென்பொருளில் ஸ்கிரிப்ட் என்றால் டிசிஎல்தான். 2024-ல் 9.0 வந்தாச்சு. செத்ததற்கா புதுப் பதிப்பு போடுகிறார்கள்?

ஃபீனிக்ஸ்_தம்பி:
வரலாறு இருக்கட்டும் அண்ணா. டிசிஎல்லில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் பின்னம் போய் 3. பைத்தான் 3-ல் 3.5. 7 மி.மீ. இடைவெளிக்கு நடுவில் போட வேண்டிய துளை அரை மி.மீ. தள்ளி விழும். இதை வைத்தா வடிவமைப்பு?

வெருலம்_அண்ணன்:
7.0 என்று கொடு, 3.5 வரும். உன் பழைய பைத்தான் 2-ம்கூட விடை 3 என்றுதானே சொன்னது? 2008-ல் பைத்தான் 3.0 வந்த பிறகுதான் மாறியது.

ஃபீனிக்ஸ்_தம்பி:
வரைவாளர் 7 என்றுதான் தட்டுவார். புள்ளி வைக்க மாட்டார்.

வெருலம்_அண்ணன்:
கணக்குப் போடும் எக்ஸ்பர் கட்டளைக்குள், எண்ணைத் தசம எண்ணாக்கும் டபுளைப் போட்டால் தீர்ந்தது. அது நிரல் எழுதுகிறவன் வேலை.

ஃபீனிக்ஸ்_தம்பி:
ஓரிடத்தில் மறந்தால்? பிழைச் செய்திகூட வராது. தப்பான எண் பேசாமல் வரைபடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சாட்ஸ்வொர்த்_வரைவாளர்:
மொழி வேறு, திரை வேறு. பைத்தானில் எழுதினாலும் டிகின்டர் என்ற இணைப்பு வழியாக டிகே கிடைக்கும். உரிமத்தை யாராவது பார்த்தீர்களா? பைத்தானில் க்யூடியைப் பயன்படுத்த உதவும் பைக்யூடிக்கு ஜிபிஎல் என்ற திறமூல உரிமம். விற்பதாக இருந்தால் மூலநிரலையும் தரணும், இல்லாவிட்டால் வணிக உரிமம் வாங்கணும்.

ஃபீனிக்ஸ்_தம்பி:
அதே வேலை செய்யும் பைசைடுக்கு அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமம். ஃப்ரீகேட் என்ற வரைவு மென்பொருளும் பைத்தானையும் க்யூடியையும் பயன்படுத்துகிறது. அதன் பொத்தான்களைப் பாருங்கள், அப்புறம் டிகே பொத்தான்களைப் பாருங்கள்.

வெருலம்_அண்ணன்:
பொத்தான் அழகில் குழாய் நிற்காது. டிகேயிலும் புதுத் தோற்றம் தரும் டிடிகே வந்து பல வருஷம் ஆகிறது. போன திட்டத்திலும் நீ இப்படித்தான் பளபளப்பைக் காட்டி எல்லாரையும் இழுத்தாய். பைத்தான் 2-லிருந்து 3-க்கு மாற்றும்போது ராத்திரி உட்கார்ந்து திருத்தியது யார்? நான்.

ஃபீனிக்ஸ்_தம்பி:
அந்த நிரலில் வகுத்தல் முழுக்கத் தப்பாக இருந்ததே, அதை எழுதியது யார்?

டோங்காட்_மெக்கானிக்கல்:
ஆட்டோகேட் வரைவு மென்பொருளின் ஆட்டோலிஸ்ப் மொழி போதும் என்று நான் அப்போதே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

வெருலம்_அண்ணன்:
லிஸ்ப் பேச்சைத் தனியாக வையுங்கள் ஐயா. தம்பி, 7.0 கொடுத்து ஓட்டிப் பார்த்தாயா இல்லையா? அதைச் சொல்.

ஃபீனிக்ஸ்_தம்பி:
7 கொடுத்து ஓட்டினேன். 3 வந்தது.